வானிலை அறிக்கையைப் படிக்கும் முறை

ஆறுமுகநேரி வட்டாரம் மழைக்கு வடகிழக்குப் பருவக்காற்றையே நம்பியிருக்கின்றது. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மேற்கு மலைத்தொடரிலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையைச் சரிவரப் பொருளறிந்து படிப்பது நம் அனைவருக்கும் அவசியமாகும்.

அறிக்கையின் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்வது கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மிகாமல் அம்மழை பெய்யலாம் என்பது பொருள்.

இச்சொற்றொடரைக் கண்டதும், அது வேறு எவ்வூருக்கோ என்று எண்ணி இருந்துவிடுதல் கூடாது. அது இடங்களின் தொகையைக் குறிப்பதேயன்றி மழையின் சிறுமையைக் குறிப்பதன்று. அந்த ஓரிடம் எது என்று கூறுவதுமில்லை. அன்றியும், அதி கனமழைக்குக் கீழெல்லை உண்டு, மேலெல்லை கிடையாது.

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், நம்மை அடுத்த காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. நமது மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் காயல்பட்டினத்தின் ஒரு நாள் மழை அதிகம். ஒரு ஏக்கர் நிலத்தில் அது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் தண்ணீராகும். குமரிக்கடலை ஒட்டி நிலவிய காற்றுச்சுழற்சியே அதற்குக் காரணம். கடலிலிருந்து ஈரக்காற்றை அது ஓயாமல் கரைக்கு இழுத்தது. புயலென்று பெயர் பெறாத ஒன்று அத்தனை சேதம் விளைத்ததை நாம் மறத்தலாகாது.

தாமிரபரணி கடலை அடைவது நமது பகுதியிலேயாதலால், மலையில் பெய்யும் மழையும் நம்மைச் சேர்ந்ததே. ஊரில் வானம் வெளுத்துவிட்டாலும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறக்கப்படும் நீரின் அளவை விசாரித்தறிதல் வேண்டும்.

மஞ்சள் எச்சரிக்கை வந்தால் கவனத்துடன் இருக்கவேண்டும்; ஆரஞ்சு வந்தால் ஆயத்தமாகவேண்டும்; சிவப்பு வந்தபின் தாமதித்தல் கூடாது.

விவசாய அங்கத்தினர்கள் வயலிலும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வடிகால்களை முன்னதாகவே வெட்டித் திறந்து வைக்கவேண்டும்; தண்ணீர் தேங்கினால் கொடியின் வேர் அழுகிவிடும். பலத்த காற்று வீசும் என்ற அறிவிப்பு வந்தால், குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். மழை வருமுன் உரமிடுதல் வீண். உரம் தண்ணீரோடு போய்விடும்.

நெசவாள அங்கத்தினர்களுக்குக் குழித்தறியே முதற் கவலை. தரைமட்டத்திற்குக் கீழுள்ள குழியில்தான் தண்ணீர் முதலில் புகும். வாசலில் மண்ணை உயர்த்தி அணைகட்டி, நூலையும் நெய்த துணியையும் பரணில் ஏற்றிவிடுக. அந்நாட்களில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடலாகாது. சங்கப் பாஸ் புத்தகம், பட்டா, காப்பீட்டு ரசீது ஆகியவற்றை நனையாதபடி ஒரே கட்டாகக் கட்டி வைத்திருத்தல் நன்று.

பத்து முறை எச்சரிக்கை வந்து ஒன்பது முறை மழை பொய்த்தாலும் நமக்கு நஷ்டம் சிறிது உழைப்பே. பத்தாவது முறை அசட்டையாக இருந்தால் ஓராண்டின் விளைச்சலும் தறியும் போகும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்து அங்கத்தினர்கள் நடந்துகொள்வார்களாக.