மேடையின் காலி இடமும் ஆடும்

ஒருவர் ஆடும் அடவைப் பத்துப் பேர் சேர்ந்து ஆடினால் அது குழு நடனம் ஆகிவிடுமா? சபா மேடைகளில் பார்க்கும் பல நிகழ்ச்சிகள் ஆகிவிடும் என்றே நம்புகின்றன. ஒரே வரிசை, ஒரே அடவு, ஒரே நிறப் பட்டு. முதலில் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். சிறிது நேரத்தில் சலித்துவிடும். ஆடுபவர்கள் பெருகிய அளவுக்கு மேடை விரியாததுதான் காரணம்.

உடலே வரைபடம்

பரதநாட்டியம் தனக்கான இடத்தை உடலிலேயே வரைந்துகொண்ட கலை. அரைமண்டியில் முழங்கால்களைப் பக்கவாட்டில் திறந்து, கைகளைத் தோள் உயரத்தில் நீட்டினால் உடல் முக்கோணங்களாகப் பிரியும். கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பு, சமநிலை, அரைமண்டி, முழுமண்டி என மூன்று உயரங்களையும் தொட்டுக் காட்டிவிடுகிறது.

பரதம் சதிர் என்று அழைக்கப்பட்ட காலத்தில் நட்டுவனாரும் வாத்தியக்காரர்களும் ஆடுபவரின் பின்னால் நின்று, அவரோடு சேர்ந்தே முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். அந்தச் சிறிய இடத்துக்கு உடலின் கணக்கே போதுமானதாக இருந்தது. பிறகு நடனக் கலைஞர் ருக்மிணி தேவி இசைக்குழுவை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார். பின்பக்கம் முழுவதும் ஆடுபவர்களுக்குக் கிடைத்தது. 1944இல் அவர் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியபோது, பலர் ஆடுவதற்கு மேடை தயாராக இருந்தது.

உயரமும் மூலைவிட்டமும்

பலர் வந்தால் அவர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் அமைக்க வேண்டும். முன்வரிசை முழுமண்டியிலும், நடுவரிசை அரைமண்டியிலும், பின்வரிசை நின்றபடியும் இருந்தால் யார் முகமும் மறையாது. மேடைக்கும் ஆழம் கூடும். எட்டுப் பேர் வேகமாக ஆட ஒருவர் மட்டும் அசையாமல் நின்றால், பார்வை அவரிடம்தான் போகும்.

திசைக்கும் கணக்கு உண்டு. 40 அடி அகலமும் 30 அடி ஆழமும் உள்ள மேடையில் மூலைக்கு மூலை 50 அடி. பின்மூலையிலிருந்து எதிர் முன்மூலைக்கு நடந்து வருபவர் அடிக்கு அடி பெரிதாகத் தெரிவார். நாயகனின் வருகைக்கு இதைவிட நல்ல பாதை இல்லை.

தரையைத் தொட்ட சந்திரலேகா

இந்தக் கணக்கை இன்னும் தூரம் கொண்டுபோனவர் நடன அமைப்பாளர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 1985இல் அமைத்த ‘அங்கிகா’வில் பரதத்தோடு யோகத்தையும் களரிப்பயற்றையும் சேர்த்தார். விலங்குகளின் பெயர் கொண்ட களரி வடிவுகளில் உடல் தரையை ஒட்டித் தாழும். அரைமண்டிக்குக் கீழேயும் ஓர் உலகம் இருப்பது அப்போது தெரியும். 2001இல் வந்த ‘சரீரா’வில் மேடையில் இருவர்தான். துருபத் இசையின் நிதானத்தில், பெரும்பகுதி தரையை ஒட்டியே அவர்கள் அசைந்தார்கள். கால்கள் மெல்ல விரிந்து முக்கோணமாகும் நேரத்தில், சுற்றியுள்ள வெறுமைக்கும் கனம் ஏறியது. பத்துப் பேர் நிரப்பாத மேடையை இருவர் நிரப்பினார்கள்.

மாடியிலிருந்து பாருங்கள்

குழு நடன அமைப்பை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. மாடி இருக்கைக்குச் சீட்டு வாங்குங்கள். முன்வரிசையில் அபிநயமும் கண்ணும் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் தரையில் விழும் கோலம் புரியும். வட்டம் எப்போது உடைகிறது, யார் யாரை நெருங்குகிறார்கள், எந்த மூலை காலியாக விடப்படுகிறது என்று கவனியுங்கள். அங்கிருந்தும் ஒன்றும் தெரியவில்லையா? ஒரே நேரத்தில் பத்துத் தனிக் கச்சேரிகளைப் பார்த்திருக்கிறீர்கள்.