நாற்பது கணினிகளும் ஒரு பென் டிரைவும்

பொங்கலுக்கு ஆழ்வார்குறிச்சிக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கரும்பு, காப்பி, ஊர்க்கதை எல்லாம் முடிந்தபிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, உங்க ஆபீஸ்ல ஆயிரம் சிஸ்டம் இருக்குன்னு சொல்லுதீங்க. ஒவ்வொண்ணுலயும் போய் உக்காந்தா சாஃப்ட்வேர் போடுதீங்க?"

விஷயம் இதுதான். அவருடைய ஆய்வகத்தில் 40 கணினிகள். எல்லாம் உபுண்டு லினக்ஸ். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் பைத்தான் எடிட்டர் ஒன்றும் கூடவே சில லைப்ரரிகளும் போட வேண்டும். கையில் ஒரு பென் டிரைவ். ஒரு கணினிக்கு 20 நிமிடம் ஆகிறது. 40 கணினிக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். ஓய்வுப் பாடவேளைகளில் மூன்று நாள் உட்கார்ந்து 11 கணினி முடித்திருந்தார்.

"எந்த 11?" என்று கேட்டேன்.

"சிபியூ மேல சாக்பீஸால டிக் போட்டு வச்சிருந்தேன். கூட்டுற அக்கா சுத்தமா துடைச்சிட்டாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் இந்தத் துறையின் முழுப் பிரச்சினையும் அந்தச் சாக்பீஸ் டிக்கில் இருக்கிறது. தொலைவிலிருந்து நூற்றுக்கணக்கான கணினிகளில் மென்பொருள் நிறுவுவது எப்படி என்று கேட்டால், பலரும் 'அனுப்புவது எப்படி' என்றுதான் யோசிப்பார்கள். அனுப்புவது சுலபம். போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வதும், தப்பாகப் போனால் நடுவில் நிறுத்துவதும்தான் நிஜமான வேலை. அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி கேட்காத பேக்கேஜ்

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளைப் போடும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று தட்டிக்கொண்டே போகிறோம் இல்லையா? உண்மையில் நாம் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம். எந்த ஃபோல்டரில் வைக்க? ஷார்ட்கட் வேண்டுமா? ஆயிரம் கணினி என்றால் பதில் சொல்ல ஆயிரம் பேரை உட்கார வைக்க முடியாது. அதனால் பதில்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, திரையில் எதுவும் காட்டாமல் அமைதியாக நிறுவச் சொல்ல வேண்டும்.

விண்டோஸில் இதற்கு ஓர் ஒழுங்கு வந்தது 1999-இல், ஆஃபீஸ் 2000-த்துடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் மூலம். எம்எஸ்ஐ என்று முடியும் கோப்புகள் அந்த வகை. லினக்ஸ் பக்கம் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தின் பேக்கேஜ் முறையைத்தான் உபுண்டுவும் பயன்படுத்துகிறது. பேக்கேஜ் என்பது வெறும் கோப்பு மூட்டை இல்லை. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், இது ஓட வேறு எவையெல்லாம் முன்பே இருக்க வேண்டும், நிறுவும் முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகளும் அதற்குள்ளேயே இருக்கும்.

தள்ளுவதா, இழுப்பதா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, நடுவில் இருக்கும் சர்வர் ஒவ்வொரு கணினியின் கதவையும் தட்டி வேலையைச் செய்துவிட்டு வருவது. இது தள்ளும் முறை. ஆன்சிபிள் என்ற இலவசக் கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரலைப் போட்டுவிடுவது. அது அவ்வப்போது சர்வரிடம் போய் "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கும். இது இழுக்கும் முறை.

தள்ளும் முறையில் கதவைத் தட்டும் நேரத்தில் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அணைந்து கிடக்கும் கணினிக்கு ஒன்றும் போகாது. இழுக்கும் முறையில், லீவு முடிந்து பத்து நாள் கழித்துக் கணினியைப் போட்டாலும் அது தானாகவே வந்து கேட்டுக்கொள்ளும். பெரிய இடங்களில் ஏஜென்ட்டையே விரும்புவது இதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விண்டோஸின் குரூப் பாலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்கும். அந்த 90-உடன் 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டுச் சேர்த்துக்கொள்ளும். இல்லையென்றால், காலை 9 மணிக்கு ஒன்றாக ஆன் செய்த ஆயிரம் கணினியும் நாள் முழுக்க ஒரே நிமிடத்தில் வந்து வரிசையில் நிற்கும். ரேஷன் கடைக்கு டோக்கன் கொடுத்து நேரம் பிரிப்பது மாதிரி.

அணைந்திருக்கும் கணினியை வலை வழியாகவே எழுப்பவும் வழி உண்டு. வேக் ஆன் லான் என்று பெயர். 102 பைட் அளவுள்ள ஒரு சின்னச் செய்தி. அதில் அந்தக் கணினியின் முகவரி 16 தடவை எழுதியிருக்கும். ஆனால் நம்ம ஊர்ப் பள்ளிகளில் சாயங்காலம் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மின்சாரமே இல்லாத கணினியை எந்தச் செய்தியும் எழுப்பாது.

குளமும் மடையும்

அடுத்தது இணைய வேகம். தம்பிக்குத் தேவையான பேக்கேஜ்கள் எல்லாம் சேர்த்து சுமார் 300 எம்பி. 40 கணினியும் தனித்தனியாக இறக்கினால் 12 ஜிபி. பள்ளியின் இணைப்பு தாங்காது.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கடனாநதித் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக ஓடி வருவதில்லை. அணைக்கட்டில் பிரிந்து, கால்வாய் வழியாகக் குளத்துக்கு வந்து நிற்கும். அங்கிருந்து மடை திறந்து வயல்களுக்குப் போகும். மென்பொருளுக்கும் அப்படி ஒரு குளம் வேண்டும். ஒரு கணினி வெளியிலிருந்து ஒரே ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்ளும். மற்றவை அதனிடமிருந்து உள்ளூர் வலையிலேயே எடுத்துக்கொள்ளும்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து கடையம் வழியாகத் தென்காசி போகிற வழியில் மத்தளம்பாறை இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2011 முதல் அங்கே இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, பல்லாயிரம் கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் என்ற மென்பொருளை விற்கிறது. முன்பு அதன் பெயர் டெஸ்க்டாப் சென்ட்ரல். அதிலும் இந்தக் குளம் உண்டு. கிளை அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒரு பகிர்வு சர்வரை வைக்கலாம். தலைமை சர்வரிடமிருந்து கோப்புகளை ஒருமுறை வாங்கிக் கிளைக்குள் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

போய்ச் சேர்ந்ததா?

இப்போது சாக்பீஸ் டிக்குக்கு வருவோம். விண்டோஸ் இன்ஸ்டாலர் வேலையை முடித்ததும் ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். 0 என்றால் எல்லாம் நலம். 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு வா. 1603 என்றால் பெரிய பிழை, நிறுவல் தோல்வி. 3010 என்றால் முடிந்தது, ஆனால் கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

இந்த 3010-ஐ நான் மறக்கவே மாட்டேன். பல வருஷத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் சுமார் 600 கணினிகள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு அவசரத் திருத்தத்தை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில், நண்பகலில் அனுப்பினேன். அதற்கு மறுதொடக்கம் தேவை என்று தெரியும். "பிறகு கேட்டுக்கொள்" என்று வைத்திருக்கலாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று "உடனே" என்று வைத்தேன். கணக்குப் பிரிவில் மாதக் கடைசிச் சம்பளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அத்தனை திரையும் ஒன்றாக அணைந்தது. என் திரையில் மட்டும் பச்சைப் பச்சையாக 'வெற்றி' என்று வந்துகொண்டிருந்தது. அந்தப் பிரிவில் இருந்த மூத்த அம்மா ஒருவர் மாடியேறி வந்தார். திட்டவில்லை. "தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அன்று இரவு பத்து மணிவரை அவர்களோடு உட்கார்ந்து எண்களைத் திரும்ப அடித்தேன். ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் ஒரு மனுஷர் இருக்கிறார் என்பதை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை.

1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜெஸ், சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். "இதைச் செய்" என்று கட்டளையிடுவதற்குப் பதில் "இந்த நிலையில் இரு" என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்து பரவியது. "எடிட்டரை நிறுவு" என்றால், இரண்டாம் தடவை ஓட்டும்போது மறுபடி நிறுவப் பார்க்கும். "எடிட்டர் இருக்க வேண்டும்" என்றால், முதலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சும்மா போய்விடும். அதனால் அதையே பத்து தடவை ஓட்டினாலும் பாதகமில்லை. ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற கணக்கும் புதிதாகக் கிடைக்கும். துடைத்தாலும் அழியாத டிக்.

ஒரே சாவி

ஆயிரம் கணினியில் எதை வேண்டுமானாலும் நிறுவக்கூடிய ஒரு சர்வர் என்றால், ஆயிரம் வீட்டுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி தொலைந்தால்?

2021 ஜூலை 2 அன்று கசேயா என்ற நிறுவனத்தின் தொலை நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, ரெவில் என்ற பணயக் கும்பல் புகுந்தது. வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் அனுப்பும் அதே குழாய் வழியாகப் பூட்டுவைரஸை அனுப்பினார்கள். 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கசேயா சொன்னது. ஸ்வீடனில் கூப் கடைகளின் பில் போடும் கணினிகள் நின்றுபோய், சுமார் 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று. மேலே சொன்ன டெஸ்க்டாப் சென்ட்ரலிலும் 2020 மார்ச்சில் ஓர் ஆபத்தான ஓட்டை வெளியானது. ஓரிரு நாளில் திருத்தம் வந்தது. ஆனால் வெளியான சில நாளிலேயே தாக்குதல்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதாக ஃபயர்ஐ நிறுவனம் பதிவு செய்தது.

கெட்டவர் கையில் சாவி போகாமலேயே விபத்து நடக்கலாம். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான ஒரு சிறு கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நீலத்திரையில் விழுந்த கணினிக்குத் தொலைவிலிருந்து ஒன்றும் அனுப்ப முடியாது. ஆள் நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்ட் அதற்காக ஒரு மீட்புக் கருவி வெளியிட்டது. அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்!

இதற்கு மருந்து எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் இரண்டு கணினி. ஒரு நாள் பார். பிறகு பத்து. பிறகு மீதி. புதுத் தண்ணீர் வரும்போது மடையை ஒரே மூச்சில் முழுக்கத் திறக்க மாட்டோமே, அதுபோல.

ஆய்வகத்தில் நடந்தது

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, விடுமுறை முடியும் முன்னால் இரண்டு பேரும் ஆய்வகத்தைத் திறந்தோம். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை 40 கணினியிலும் நேரில் போய் உட்காரத்தான் வேண்டும். எஸ்எஸ்எச் என்ற கதவைத் திறந்து, சாவியை வைத்துவிட்டு வர வேண்டும். கணினிக்கு இரண்டு நிமிடம். அந்தச் சாவியின் ஜோடி தம்பியின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும். மாணவர் கைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். ஆப்ட் கேச்சர் என்ற இலவச நிரலைப் போட்டு ஒரு கணினியைக் குளமாக்கினோம்.

முந்தின நாளே இரண்டு கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தோம். மறுநாள் மதியம் மீதி 38-இலும் ஓட்டினோம். 31 சரி. 7 தோல்வி. அந்த ஏழுக்கும் காரணம் திரையிலேயே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போய் வந்ததில் மூன்று அணைந்து கிடந்தன. ஒன்றில் நெட்வொர்க் கேபிள் கழன்றிருந்தது. இரண்டில் டிஸ்க்கில் இடமே இல்லை. யாரோ சினிமா ஏற்றி வைத்திருந்தார்கள். கடைசி ஒன்றில், முன்பு போட்ட பேக்கேஜ் பாதியில் நின்றிருந்தது.

"இது நான் டிக் போட்ட மிஷின்தான், அண்ணாச்சி" என்றார் தம்பி. "ஓடவிட்டுட்டு கிளாசுக்குப் போனேன். பெல் அடிச்சதும் பையங்க ஆஃப் பண்ணிருப்பானுக."

ஏழையும் சரிசெய்து மறுபடி 40-லும் ஓட்டினோம். 40-உம் சரி. எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் ஆயிற்று. பென் டிரைவோடு உட்கார்ந்திருந்தால் 13 மணி நேரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஆனால் அடுத்த தடவை அவருக்குப் பத்து நிமிடம் போதும்.

மார்ச்சில் ஃபோன் செய்தார். அப்டேட் ஒன்று வந்திருக்கிறது, இரண்டு கணினியில் மட்டும் போட்டுவிட்டு நாளை வரை பார்க்கப்போகிறேன் என்றார்.