அடுப்படியில் ஒரு முதியவள்

மலைநாட்டில் மாலை ஆறு மணிக்குப் பின்னர் வீட்டின் மையம் அடுப்புத்தான். ஹற்றனை அண்மித்த எமது தோட்டத்தில் அந்நேரம் மூடுபனி லயத்தின் இஸ்தோப்பு வரை ஏறி வந்துவிடும். தேயிலை மிலாறு எரியும் அடுப்பின் இடப்பக்கத்தில், என் தாயார் கொழுந்தெடுத்த காலத்தில் இடுப்பில் கட்டியிருந்த பழைய படங்கு நான்காக மடித்துப் போடப்பட்டிருக்கிறது. அதன்மேல் செல்லி படுத்திருக்கிறாள். செல்லி எமது வீட்டுப் பூனை. பதினெட்டு வயதைக் கடந்துவிட்டாள்.

2007 ஆம் ஆண்டு என் மகள் புதுநன்மை பெற்ற வாரத்தில் அவள் இங்கு வந்தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓரத்தில் நனைந்து நடுங்கிக் கொண்டிருந்த குட்டியைத் தாயார் அதே படங்கில் சுருட்டிக்கொண்டு வந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் நாம் ஏற்கெனவே ஐந்து பேர். ஆயினும் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. அரிசிச் சாக்கைத் துளைக்கும் எலிகளின் தொல்லையும் எலிக்காய்ச்சல் பற்றிய அச்சமும் லயத்தில் வாழ்வோர் அனைவரும் அறிந்தவையே. அடுத்த பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் செல்லி தன் சோற்றை உழைத்தே உண்டாள்.

பூனையின் பதினெட்டு வயது மனிதரின் எண்பத்தெட்டு வயதுக்குச் சமம் என்று கால்நடை வைத்தியர்கள் கணக்கிடுகின்றனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1967 இல் பிறந்த ஒரு பூனை 2005 வரை, அதாவது 38 ஆண்டுகள் வாழ்ந்து உலக சாதனை படைத்தது. லயத்துப் பூனைகளுக்கு அத்தகைய ஆயுள் வாய்ப்பதில்லை. நாயும் சிறுத்தையும் நோயும் அதற்கு முன்பே முந்திக்கொள்ளும்.

முதுமையின் முதல் அடையாளத்தை நாம் நலம் என்று தவறாக எண்ணினோம். செல்லி அடிக்கடி தண்ணீர் குடித்தாள். பீலிக்கடியில் வாளியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவாள். தண்ணீர் குடித்தால் நல்லதுதானே என்று இருந்தோம். பின்னர் முதுகெலும்பு தெரியுமளவுக்கு மெலிந்தாள். ரோமத்தை நக்கித் துப்புரவு செய்வதை நிறுத்தினாள். நகங்கள் வளைந்து சாக்கில் சிக்கிக்கொண்டன. பெட்டியில் அடைத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு சென்றபோது, பசுக்களோடு வந்திருந்தவர்கள் எம்மைப் பார்த்துச் சிரித்தனர். வைத்தியராகிய அந்த இளம்பெண் சிரிக்கவில்லை. முதிய பூனைகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழுதான பின்னரே நோய் வெளியில் தெரியும். இழந்ததை மீட்க முடியாது, எஞ்சியதைப் பேணலாம் என்று நிதானமாக விளக்கினார்.

அன்று அவரிடம் கற்ற இன்னொன்றை வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். செல்லி நொண்டுவதைக் கண்டு, கால் துண்டு பெனடோலைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா என்று நான் யோசித்திருந்தேன். வைத்தியர் பதறிவிட்டார். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு. அதன் ஈரல் அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் அற்றது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஒரே மாத்திரையில் பூனை இறக்கக்கூடும். கருவாடும் இனி வேண்டாம் என்றார். அதைக் கேட்டுத் தாயார்தான் அதிகம் வருந்தினார்.

ஆகவே எமது வீட்டு நடைமுறைகள் மாறின. உப்பில்லாமல் அவித்த மீனைச் சூட்டோடு பிசைந்து சிறிது சிறிதாக ஐந்து வேளை கொடுக்கிறோம். தண்ணீர்க் கிண்ணங்களை மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். திண்ணையில் ஏறுவதற்கு ஒரு செங்கல். வெளியே போக முடியாத இரவுகளுக்காகத் தாழ்ந்த தட்டில் அடுப்புச் சாம்பல். இவற்றில் பெரிதாகப் பணம் செலவாகவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றால் இரத்தப் பரிசோதனையும் சேலைனும் கிடைக்கும் என்று வைத்தியர் சொன்னார். நாம் போகவில்லை. நாட்கூலியை 1350 ரூபாயாக உயர்த்தும் வர்த்தமானி 2024 இல்தான் வெளிவந்தது. வாகனக் கூலியை மட்டும் எண்ணிப் பார்த்தாலே, அது தாயாரின் இரத்த அழுத்த மாத்திரைக்கான பணம் என்பது தெளிவாயிற்று. அந்த முடிவை எடுத்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உறக்கத்தைக் கெடுத்தது அது மட்டுமன்று. பார்வை குன்றிய பின்னர் செல்லி நள்ளிரவில் அழத் தொடங்கினாள். இருளில் திசை தெரியாமல் சுவரைப் பார்த்து நின்று, குழந்தையைப் போல நீண்ட குரலில் அழுவாள். எமக்கும் அயல் வீட்டாருக்கும் இடையில் இருப்பது ஒற்றைச் சுவர். அங்கே கைக்குழந்தை, தாய் விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவள். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்ற பயம் வேறு. ஒரு நாள் அவள் வந்து, "பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. சாக்குல போட்டு டவுன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டா என்னா? மீன் தலையாச்சும் கெடைக்கும்" என்றாள். அவள் கொடியவள் அல்லள். தோட்டங்களில் வேண்டாத பூனைகளுக்கு நெடுங்காலமாக நடப்பது அதுதான்.

தாயார் உடனே பதில் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எம்பேரையும் செக்ரோல்ல வெட்டிட்டாங்கதான். எங்கயும் கொண்டு போயி விடலயே" என்றார். அயலவள் சிரித்துவிட்டாள். அன்றிரவு முதல் தாயார் தம் படுக்கையை அடுப்படிக்கே மாற்றிக்கொண்டார். செல்லி அழும்போது அவர் கை முதுகில் பட்டால் போதும், அழுகை அடங்கிவிடுகிறது. கண் தெரியாதவளுக்கு இருளில் ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது. இதை வைத்தியரும் சொல்லவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

விவிலியத்தில் பூனைக்கு இடமே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. கத்தோலிக்க விவிலியத்தில் ஓரிடம் உண்டு: பாரூக்கு நூலின் 6 ஆம் அதிகாரம். அங்கும் பாபிலோனியச் சிலைகளின் மேல் ஏறி அமரும் பிராணியாகவே அது வருகிறது. (செல்லியும் தன் இளமையில் எமது மாதா சுரூபத்தின் அருகில் படுத்து அடி வாங்கியிருக்கிறாள்.) ஆனால் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசருக்குச் சொன்ன கதையில், ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டி அவனது உணவில் பங்குண்டு அவன் மடியிலே உறங்கியதே, அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எமது லயம் நினைவுக்கு வரும்.

புனித பிலிப்பு நேரியாரும் ஒரு பூனை வளர்த்தார். 1583 இல் உரோமையின் சான் ஜிரோலமோ இல்லத்தை விட்டு வல்லிச்செல்லாவுக்கு அவர் குடிபெயர்ந்தபோது பூனை பழைய இல்லத்திலேயே தங்கிவிட்டது. புனிதர் தம் சீடர்களை நாள்தோறும் அங்கே அனுப்பி அதற்கு உணவு கொடுக்கச் செய்தார். திரும்பி வந்ததும், நன்றாகச் சாப்பிட்டதா என்று விசாரித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, விலங்குகளிடம் காட்ட வேண்டிய கனிவைப் பேசும் 2416 ஆம் எண்ணில், அசிசியாருடன் இவரது பெயரையும் சொல்கிறது.

அதே ஏட்டின் 2418 ஆம் எண் சற்றுக் கடினமானது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. மனிதத் துயர் நீக்கச் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடுவதும் தகாது என்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றிடம் திருப்பிவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. பேராதனைக்குப் போகாத எனக்கு அதில் ஓர் ஆறுதல் கிடைத்தது என்பதை மறைக்க மாட்டேன். தாயாருக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப மனுசருக்குக் குடுக்க வேண்டியத நாம குடுத்துட்டோமா, தம்பி?" என்றார். அவர் யாரை நினைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். என் மகள் கொழும்பில் வேலைக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாதக் கணக்கில் நான் அவளோடு பேசாமல் இருந்த காலமும் உண்டு.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. செல்லி உணவை முற்றாக விலக்கி, வேதனையில் சுருண்டு கிடந்தால் கொண்டு வாருங்கள், ஊசி ஒன்றினால் அமைதியாக அனுப்பிவிடலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். மனிதரின் உயிர் முடிவுக்குத் திருச்சபை விதித்திருப்பதை விலங்குக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை என்பதை அறிவேன். மீளாத வேதனையை நீட்டிப்பது அன்பாகாது என்றே எனக்குப் படுகிறது. தாயார் இணங்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "சாப்பிடுறாதானே, பாப்போம்" என்கிறார். நேற்று இரண்டு கவளம் சாப்பிட்டாள். இன்று காலை ஒன்று.

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் மகள் தொலைபேசியில் அழைப்பாள். அண்மைக் காலமாக அழைப்பை நான்தான் எடுக்கிறேன். முதலில் செல்லியைத்தான் கேட்பாள். பிறகு அப்பாயியைக் கேட்பாள். நான் தொலைபேசியைத் தாயாரிடம் கொடுப்பேன். அவர் பேசி முடித்துவிட்டு அதைச் செல்லியின் காதருகே கொஞ்ச நேரம் பிடிப்பார். மகள் கொழும்பிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். செல்லிக்குக் காது கேட்காமல் போய் ஓராண்டாகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.