ஜொகூர் பாலத்தடியில் சேறு சேர்வது ஏன்?

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் தினமும் கடக்கும் ஜொகூர் பாலத்தை நாம் பாலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மலாய்க்காரர்கள்தாம் சரியாகச் சொல்கிறார்கள்: தம்பாக். அதாவது, அடைத்துக் கட்டிய கரை. பாலம் என்றால் கீழே தண்ணீர் ஓட வேண்டும். இதற்குக் கீழே இருப்பதோ கல்.

1919-இல் வேலை தொடங்கி 1924 ஜூன் 28-இல் திறப்பு விழா நடந்தது. புலாவ் உபின், புக்கிட் தீமா ஆகிய இடங்களில் உடைத்த கருங்கல்லை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குக் கடலில் கொட்டி எழுப்பினார்கள். ஜொகூர் முனையில் படகுகள் கடக்க மதகு வைத்த வழி ஒன்று இருந்தது. 1942 ஜனவரி 31-இல், ஜப்பானியரைத் தடுக்க வெள்ளைக்காரர்கள் வெடிவைத்தபோது அதுவும் போயிற்று.

இதற்கும் சேற்றுக்கும் என்ன சம்பந்தம்? தெப்ராவ் நீரிணைக்குக் கிழக்கில் ஒரு வாசல், மேற்கில் ஒரு வாசல். கரை எழும்புமுன் ஒரு வாசலில் நுழைந்த நீர் மறு வாசல்வரை போக முடிந்தது. இன்றோ, கடல் பெருக்கு இரு பக்கமும் கரையில் முட்டி, வந்த வழியே வற்றுகிறது. கரையை நெருங்க நெருங்க ஓட்டம் செத்துவிடுகிறது.

மேற்கே ஸ்கூடாய் ஆறும் கிழக்கே தெப்ராவ் ஆறும் களிமண்ணைச் சுமந்து வருகின்றன. களிமண் துகள் மிகப் பொடியானது. ஆற்று நீரில் மிதந்துகொண்டே வரும். உப்பு நீரில் கலந்ததும், பால் திரிவதுபோல, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்து இறங்கும். வேகமான ஓட்டம் இருந்தால் அதை மறுபடி கிளப்பிக்கொண்டு போய்விடும். ஓட்டமில்லாத இடத்தில் படிந்தது படிந்ததுதான். ஆற்றுக் கழிவும் அதோடு தங்கிவிடுகிறது. நீர் வற்றும் வேளையில் வீசும் நாற்றத்துக்கு ஆற்றை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

1998-இல் திறந்த இரண்டாவது பாலம் தூண்களின் மேல் நிற்பதால் நீர் இடையே புகுந்து போகிறது. 2006-இல் கைவிடப்பட்ட வளைவுப் பாலம் கட்டப்பட்டிருந்தால்கூட, சிங்கப்பூர்ப் பக்கத்துக் கரை அப்படியேதான் இருந்திருக்கும். ஆனாலும் பாதி வாசலாவது திறந்திருக்குமே!

கடலைத் தூர்த்து நிலமாக்கும்போதும் இதே கதைதான். நீர்வழி குறுகிய இடத்தில் ஓட்டம் வேகமெடுத்துக் கரையை அரிக்கும். ஒதுங்கிய மூலையில் சேறு தங்கும். துவாஸ், புலாவ் தெக்கோங் தூர்ப்புப் பணிகளை எதிர்த்து 2003-இல் மலேசியா ஹம்பர்க் நகரிலுள்ள அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது இதனால்தான். 2005 ஏப்ரல் 26-இல் உடன்பாடு ஏற்பட்டது. தெக்கோங்கின் புதிய கரையின் வடிவத்தை மாற்றவும், நம் மீனவர்களுக்கு 374,400 வெள்ளி இழப்பீடு தரவும் சிங்கப்பூர் ஒப்புக்கொண்டது.

அடுத்து நம் பக்கத்திலேயே, கேலாங் பாத்தாவுக்கு அருகில், ஃபாரஸ்ட் சிட்டி வந்தது. 2014-இல் நிறுத்தப்பட்ட தூர்ப்பு வேலைக்கு, 2015-இல் பரப்பைக் குறைத்து சுற்றுச்சூழல் துறை அனுமதி தந்தது. பக்கத்தில் மெராம்போங் கடற்புல் திட்டு இருக்கிறது. புல்லுக்கு வெயில் வேண்டும். நீர் கலங்கினால் வெயில் அடிவரை இறங்காது. கடற்குதிரைகளும் மீன்குஞ்சுகளும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான்.