கரும் கிரீஸும் பேட்டரி கேட்காத கண்ணும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைத் திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். லாரி ஓடும் ஊரில் பட்டறை இருக்கும். பட்டறையில் கிரீஸ் டப்பா இருக்கும். அதில் ஒரு வகை கன்னங்கரேல் என்று இருக்கும். விரலில் ஒட்டினால் லேசில் போகாது, வெயிலில் காட்டினால் சாம்பல் நிறத்தில் மினுங்கும். அழுக்கேறிக் கறுத்த பழைய கிரீஸைச் சொல்லவில்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற தூள் கலந்த கிரீஸைச் சொல்கிறேன்.

இந்தத் தூள் ஏன் வழுக்குகிறது? அது முழுக்க அடுக்குகள். ஓர் அடுக்கில் மேலே கந்தகம், நடுவில் மாலிப்டினம், கீழே கந்தகம் என மூன்று அணு வரிசைகள் கெட்டியாகப் பிணைந்திருக்கும். ஆனால் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே பிடிப்பு குறைவு, தேய்த்தால் நழுவும். ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனை எட்ட ஒரு லட்சம் அடுக்குகளாவது தேவைப்படலாம்.

2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்தே கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் என்ற ஒற்றை அணு அடுக்கை உரித்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. மாலிப்டினம் டைசல்ஃபைடையும் அப்படி உரிக்கலாம். இது குறைகடத்தி, அதனால் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் வாய்ப்பு உள்ள பொருள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2013இல் இதைக் கிராஃபீனோடு சேர்த்து, மிக மங்கிய ஒளியையும் உணரும் கருவி செய்தார்கள்.

இனி, பேட்டரி இல்லாமலே ஒளியை உணரும் வித்தைக்கு வருவோம். மாலிப்டினம் டைசல்ஃபைடில் எலக்ட்ரான்கள் மிகுதி. அதன் மேல் டங்ஸ்டன் டைசெலினைடு என்ற இன்னொரு அடுக்கை வைப்பார்கள். அதில் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள் மிகுதி. அவற்றுக்குத் 'துளை' என்று பெயர். இரண்டும் தொடும் இடத்தில் தானாகவே ஒரு மின்புலம் உருவாகிவிடும். வெளிச்சம் பட்டால் ஓர் எலக்ட்ரான் இடம்பெயர, அங்கே ஒரு துளை மிஞ்சும். மின்புலம் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் தள்ளும். ஒருவழிப்பாதை மாதிரி, திரும்பி வர முடியாது. வெளியே கம்பி இணைத்தால் மின்னோட்டம்! 2014இல் இப்படிப்பட்ட இணைப்புகளை ஆய்வகங்களில் செய்து காட்டினார்கள்.

உடனே வீட்டு பல்பை எரிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். வருவது துளியூண்டு மின்னோட்டம். ஒளி இருக்கிறதா, எவ்வளவு என்று சொல்ல அது போதும். அந்தச் செய்தியைத் தூரத்துக்கு அனுப்பும் கருவிக்கு மின்சாரம் தனியாகத்தான் வேண்டும். பெரிய அளவில், ஓட்டையோ சுருக்கமோ இல்லாத அடுக்குகளை வளர்ப்பதும் இன்னும் தலைவலிதான்.

இதே தத்துவத்தை நீங்களே பார்க்கலாம். இரண்டு கால் உள்ள ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி.யும் பட்டறையில் இருக்கும் மல்டிமீட்டரும் போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எல்.இ.டி.யின் இரு கால்களையும் மீட்டரின் கம்பிகளோடு தொட்டு, டி.சி. வோல்ட்டில் வைத்து, உச்சிவெயிலில் காட்டுங்கள். எல்.இ.டி.க்குப் பேட்டரி கொடுக்காமலே மீட்டர் எண் காட்டும். கையால் மறைத்தால் எண் சரியும். அடுத்து பச்சை எல்.இ.டி.யை வைத்து எண் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.