இலைமேல் வாழும் பறவை

பறவைகளுட் பெரும்பாலன மரக்கிளையிலோ, பாறையிடுக்கிலோ, நிலத்திலோ முட்டையிடுதலை நாம் யாவரும் அறிவோம். ஆயின், ஊன்ற நிலமும் பற்றக் கிளையும் இல்லாத நீர்ப்பரப்பின்மேல், மிதக்கும் இலைகளையே வீடாகக் கொண்டு வாழும் பறவையொன்று உண்டு. அதுவே நீளவால் இலைக்கோழி. கோழி எனப் பெயர் பூண்டதாயினும் அது கோழியினத்ததன்று. கரையோரங்களில் இரைதேடும் உள்ளான்களுக்கு உறவுடையது. அதன் வாழ்வுக்கு இன்றியமையாதன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பறவையின் கால்விரல்களும் நகங்களும் உடலளவுக்கு மிஞ்சி நீண்டவை. அவை உடலின் பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்து தாங்குதலால், தாமரை, அல்லி முதலியவற்றின் இலைகள் அமிழ்ந்துவிடாமல் அது அவற்றின்மேல் நடக்கின்றது. இலைகளிலும் நீரிலுமுள்ள பூச்சிகளும் சிறு நத்தைகளுமே அதற்கு உணவு. இனப்பெருக்கக் காலத்தில் பிடரி பொன்னிறமாகப் பொலிய, அரிவாள்போல் வளைந்த நீண்ட வால் தோன்றும். அக்காலம் கழிந்ததும் அவ்வால் உதிர்ந்துவிடும்.

நம் நாட்டில் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது முட்டையிடும். கூடு என்பது மிதக்கும் செடிகொடிகளின் சிறு திரளே. சிலபோது வெறும் இலையே போதுமானதாகும். அதன்மேல் வெண்கலம்போல் மினுமினுக்கும், பம்பரவடிவான முட்டைகள் நான்கு கிடக்கும். பெட்டை அவற்றை இட்டபின் வேறொரு சேவலை நாடிச் செல்லும்; ஒரே பருவத்தில் பல சேவல்களுக்கு முட்டையிட்டுத் தருதல் அதன் இயல்பு. ஏறக்குறைய 26 நாள் அடைகாத்தலும், குஞ்சுகளைக் காத்தலும் தந்தைக்கே உரிய கடமை. கூட்டுக்கு இடர் நேருமாயின், முட்டைகளை மார்புக்கும் அலகின் அடிப்புறத்துக்கும் இடையே அணைத்து வேறோர் இலைத்திரளுக்குக் கொண்டுசெல்லவும் அது வல்லது.

ஆயினும் அவ்வாற்றலுக்கும் எல்லையுண்டு. அண்மையில் வேறு இலைத்திரள் இருந்தாலன்றோ முட்டைகளை எடுத்துச் செல்லவியலும்? ஆதலின் இப்பறவைக்கு வேண்டுவது வெறும் நீரன்று. அலையடங்கிய ஆழமற்ற நீர், அதன்மேற் படர்ந்த இலைகள், முட்டையிட்ட நாள்முதல் குஞ்சு வளரும் வரை திடீரென ஏறி இறங்காத நீர்மட்டம், மனிதர் நடமாட்டக் குறைவு ஆகிய நான்குமாம். மண் கொட்டி மேடாக்கிய சதுப்புநிலம் இதற்கு உதவாது என்பது வெளிப்படை. ஆனால் இலையொன்றும் எஞ்சாதபடி துப்புரவாக்கி ஆழப்படுத்திய குளமும் இதற்கு உதவாது என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

தைவான் தீவில் நிகழ்ந்ததொன்று இதனை நன்கு விளக்கும். அங்குச் சதுப்புநிலங்கள் அருகியபின், தீவின் தென்பகுதியிலுள்ள குவான்தியன் வட்டாரத்து நீர்வயல்களே இப்பறவைக்குப் புகலிடமாயின. கொம்புடைய கொட்டைகளைத் தருவதும், வடநாட்டார் சிங்காடா என வழங்குவதுமாகிய நீர்ச்செடி அவ்வயல்களிற் பயிராகின்றது; அதன் மிதக்கும் இலைகள் கூட்டுக்கு ஏற்றவை. 1990-களின் இறுதியில் அங்கு எஞ்சிய பறவைகள் 50-க்கும் குறைவு. அவ்வழியே அதிவேக இரயில்பாதை அமைக்க நேர்ந்தபோது, ஈடாக 15 ஹெக்டேர் நிலம் இப்பறவைக்கென 2000-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. தம் வயலில் கூடிருப்பின் அதனைக் கலையாது காக்கும் உழவர்க்கு ஊக்கத்தொகையும் வழங்கலாயினர். பிற்காலத்தில் அவற்றின் தொகை ஆயிரத்தைக் கடந்தது. உழவும் நிற்கவில்லை, பறவையும் அழியவில்லை.

நம் சென்னையின் தென்பாலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலும் இப்பறவை வாழ்கின்றது. நெடுங்காலம் வீண்நிலமெனக் கருதப்பட்டு, ஒருபுறம் நகரின் குப்பையும் கொட்டப்பட்ட அவ்விடம், 1971-இல் ராம்சர் நகரில் நிறைவேறிய உடன்படிக்கையின்படி 2022-இல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இடம்பெறுதல் நன்றே. ஆயினும் கூடு மிதப்பது இலையின்மேலேயாம்.

மாணவ நண்பர்காள்! நம் ஊர்க் குளங்களைத் திருத்துதல் வேண்டற்பாலதே. அப்பணியைக் குஞ்சுகள் பறக்கும் பருவம் கழிந்தபின் தொடங்குவதும், இலைப்பரப்பில் ஒரு பகுதியைத் தொடாது விடுவதும் அரிய செயல்களல்ல. அவ்வளவு செய்தால், அடைகாக்கும் அத்தந்தைக்கு முட்டைகளைக் கொண்டுசேர்க்க ஓரிடம் எஞ்சியிருக்கும்.