கடலை மிட்டாய்: எல்லாம் பாகின் பதத்தில்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைத்தெருவில் கடலை மிட்டாய் கிடைக்காத மளிகைக் கடை அரிது. சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பெட்டிக்கடைகளிலும் டீக்கடைக் கண்ணாடி ஜாடிகளிலும் அது இருக்கும். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் இப்போது ஓட்ஸ் பார்களும் பளபளப்பான உறையில் வந்துவிட்டன. விலையில் பெரிய தூரம் இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம்தான். வறுத்த தானியம் அல்லது பருப்பு, அதைக் கட்டிப் பிடிக்க ஓர் இனிப்புப் பாகு. இங்கிலாந்துக்காரர்கள் ஓட்ஸையும் வெண்ணெயையும் பாகில் கலந்து ஓவனில் சுட்டு, வில்லைகளாக வெட்டி ‘ஃபிளாப்ஜாக்’ என்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் லோனாவாலா சிக்கி பேர்பெற்றது. தமிழ்நாட்டில் அந்த இடம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு உரியது.

கோவில்பட்டி சரக்கு தாம்பரத்துக்கு வந்து சேரும் வழி எளிது. நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரண்டும் கோவில்பட்டியிலும் நிற்கும், தாம்பரத்திலும் நிற்கும். ஊருக்குப் போய்த் திரும்பும் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் பையில் இரண்டு பாக்கெட்டாவது வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று.

கோவில்பட்டியைச் சுற்றியிருப்பது கரிசல் நிலம். கி. ராஜநாராயணன் தன் கதைகளில் எழுதிய மானாவாரி பூமி அது. அந்த மண்ணில் விளையும் நிலக்கடலையும், சேலம், தேனிப் பக்கத்து வெல்லமும் சேர்ந்ததுதான் இந்த மிட்டாய். முன்பு கருப்பட்டிப் பாகில் செய்து திருவிழாக்களில் விற்ற பண்டம் இது. 1940களில் பொன்னம்பல நாடார் என்ற கோவில்பட்டி வியாபாரி கரும்பு வெல்லத்தில் செய்து கடையில் விற்கத் தொடங்கிய பிறகே எல்லா நாளும் கிடைக்கும் தின்பண்டமாயிற்று. 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலே இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறத்தில் தேங்காய்த் துருவல் தூவுவது அந்த ஊர் அடையாளம்.

நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். நம் மண்ணுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கியதில், தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் நேராகப் போனால் வரும் திண்டிவனத்துக்குப் பெரும் பங்குண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம், குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. பல பத்தாண்டுகள் இந்தியா முழுவதும் பயிரானது. பெயரில் உள்ள டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிக்கிறது.

கடலை மிட்டாய்க்கு வேண்டியது மூன்றே பொருள்: கடலை, வெல்லம், தண்ணீர். மூன்றாவது பொருள் கடைசியில் கிட்டத்தட்ட மிஞ்சவே கூடாது. தண்ணீரை எந்த அளவுக்கு, எந்த நேரத்தில் வெளியேற்றுவது என்பதில்தான் கைவினை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதல் வேலை வறுப்பது. சூடான மணலில் போட்டுப் புரட்டினால் ஒவ்வொரு பருப்புக்கும் எல்லாப் பக்கமும் சீராக வெப்பம் ஏறும். பச்சைக் கடலையில் இருக்கும் ஈரம் பெரும்பாலும் போய்விடும். பருப்பிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த வாசனையையும் தரும். இதற்கு மெய்லார்டு வினை என்று பெயர். பிறகு தோலைத் தேய்த்து நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்து, முறத்தில் புடைத்தெடுப்பார்கள்.

அடுத்தது பாகு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டிக் காய்ச்சுவார்கள். தண்ணீர் ஆவியாக ஆகப் பாகின் கொதிநிலை உயர்ந்துகொண்டே போகும். சர்க்கரைப் பாகில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 115 டிகிரி செல்சியஸ் அளவில் பாகில் ஏறத்தாழ 15 சதவீதம் தண்ணீர் இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். 150 டிகிரியை நெருங்கும்போது ஒன்றிரண்டு சதவீதமே மிஞ்சும். அந்தச் சொட்டு கல்லாக இறுகி, தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்கும், விரலால் ஒடித்தால் ‘படக்’கென முறியும். வெல்லம் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும் என்பதால் இடைவெளி இன்னும் குறுகல். கொஞ்சம் முன்னால் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். கொஞ்சம் தாமதித்தால் கசக்கும். இதை வெப்பமானி இல்லாமல் குமிழியின் அளவையும் நிறத்தையும் ஒலியையும் வைத்தே பாகு மாஸ்டர்கள் கணிக்கிறார்கள்.

பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, அரிசி மாவு தூவிய பலகையில் ஊற்றி, உருளையால் சமமாகத் தேய்த்து, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போட்டுவிடுவார்கள். ஆறிவிட்டால் நேராக வெட்ட வராது, நொறுங்கும். ஏனென்றால் அப்போது பாகு கண்ணாடி நிலைக்குப் போய்விடுகிறது. இது உவமை அல்ல, பௌதிக உண்மை. ஜன்னல் கண்ணாடியைப் போலவே, மூலக்கூறுகள் வரிசையாகப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல், கலைந்த நிலையிலேயே உறைந்த திடப்பொருள் அது. கடித்தவுடன் முறிவதற்கு இதுவே காரணம்.

பாகு ஏன் மீண்டும் சர்க்கரைக் கற்களாகப் பூத்துப்போவதில்லை? வெல்லத்தில் சுக்ரோஸ் உடைந்து உண்டான குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இயல்பாகவே கொஞ்சம் இருக்கின்றன. அவை நடுவில் நின்று சுக்ரோஸ் மூலக்கூறுகளை வரிசை கட்டவிடாமல் தடுக்கின்றன. ஃபிளாப்ஜாக்கில் ஊற்றும் ‘கோல்டன் சிரப்’ 1880களில் லண்டன் சர்க்கரை ஆலையில் உருவானபோது கையாண்டதும் இதே வேதியியல்தான். அந்தப் பண்டத்தில் ஈரம் கூடுதல் என்பதால் அது மென்று தின்னும் பதத்தில் நிற்கிறது. நம்முடையது முறியும் பதத்துக்குப் போகிறது.

இதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமும் உடையவை. கடற்கரையை ஒட்டிய சென்னைப் புறநகரில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், திறந்து வைத்த கடலை மிட்டாய் சீக்கிரமே பிசுபிசுக்கும். ஈரம் ஏறினால் கண்ணாடி நிலை குலைந்து மறுபடி பாகாகிறது. காற்றுப் புகாத டப்பாவே இதற்கு மருந்து. பிரிட்ஜில் வைத்து எடுத்தால் குளிர்ந்த மிட்டாயின் மேல் நீர் கோத்து இன்னும் கெடும்.

சத்துக் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதமும் 48 கிராம் கொழுப்பும் உண்டு. கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாத வகை. 25 கிராம் கடலை மிட்டாய் ஏறக்குறைய 120 கலோரி தரும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு நல்ல மாலைத் தீனி. ஆனாலும் வெல்லமும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதில் சலுகை கிடையாது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

ஈரத்தில் கிடந்த கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை படர்ந்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கு வழியே இந்த நச்சு தெரியவந்தது. வறுத்தாலும் இது முழுமையாக அழியாது. கசக்கிற கடலையை விழுங்காமல் துப்பிவிடுங்கள். எண்ணெய் காறிய வாடை வந்தால் அந்தப் பாக்கெட்டையே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கடலை, வெல்லம் என்று பட்டியல் சுருக்கமாக இருப்பதும், தயாரித்த தேதி அண்மையில் இருப்பதும் நல்ல அறிகுறி. மேலே ‘கோவில்பட்டி’ என்று அச்சிட்டிருந்தால் தயாரித்த முகவரியையும் படியுங்கள். அந்தப் பெயர், கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுப்படியில் நின்று பதம் பார்ப்பவர்களுக்கே சட்டப்படி உரியது. அவர்கள் சரக்கைக் கேட்டு வாங்குங்கள்.